துருப்பிடித்த பழைய கார்: பழைய கோலமா, புது மாற்றமா, வீட்டிலா, பட்டறையிலா?

திருநெல்வேலிச் சீமையில் இன்னும் பல வீடுகளில் ஒரு பழைய கார் நிற்கிறது. தாத்தா வாங்கிய பத்மினி, கடை வியாபாரத்துக்கு ஓடிய அம்பாசடர், அப்பாவின் முதல் மாருதி 800. விற்க மனம் வராது, ஓட்டவும் முடியாது. அதை வீட்டிலேயே வைத்துச் சரிசெய்யலாமா என்று கேட்பவர்கள் முதலில் பானட்டைத் திறந்து காட்டுவார்கள். "எஞ்சின் ஓடுமா பாருங்க" என்பதுதான் அவர்கள் கவலை.

எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள். எஞ்சின் வேலை தெரிந்த வேலை. லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றித் தந்துவிடுவார்கள். எவ்வளவு ஆகும் என்றும் முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடுவார்கள். வண்டியின் உடம்பான தகடு அப்படி இல்லை. வெளியே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு சாண் நீளத்துக்குப் போயிருக்கும். கரையான் அரித்த நிலைப்படி போல, மேல் பூச்சு மட்டும் நின்றுகொண்டிருக்கும். பழைய கோலத்துக்கே கொண்டுவருவதா, மாற்றி அமைப்பதா, எடைக்குப் போடுவதா என்பதைத் தகடுதான் முடிவு செய்கிறது.

காரணம் இதுதான். பத்மினி, அம்பாசடர், மாருதி 800 மூன்றிலும் லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பதுபோலத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தளத் தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ரன்னிங் போர்டு, கதவுத் தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. ரன்னிங் போர்டு உளுத்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும். கதவு சரியாகச் சாத்தாது. மோதினால் நம்மைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. ஜீப்பிலும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் சேஸிஸ் தனியாக இருப்பதால் பாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கலாம். வீட்டில் முதல்முறை இறங்குகிறவருக்கு ஜீப் அந்த வகையில் எளிது.

நம் பக்கத்துத் துரு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. உவரி, கூடுதாழை, தூத்துக்குடி உப்பளப் பக்கம் நின்ற வண்டியை உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னும். மட்கார்டு விளிம்பு, பம்பர், கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்பகுதி முதலில் போகும். கண்ணுக்குத் தெரிகிற துரு என்பதால் அது ஒருவகையில் பரவாயில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் முங்கிய வண்டிகளின் கதை வேறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள் அவை. தாமிரபரணிக் கரை ஊர்களில் தண்ணீர் புகுந்து நின்ற கார்களில், ரன்னிங் போர்டின் உட்குழிக்குள் வண்டல் போய் அடைந்துகொண்டது. மேலே கழுவித் துடைத்துப் பளபளவென்று விற்பனைக்கு வரும். உள்ளே அந்த வண்டல் ஈரத்தைப் பிடித்துவைத்து இன்றைக்கும் அரித்துக்கொண்டிருக்கும். வாங்குவதாக இருந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் விரிப்பைத் தூக்கி, வயர்களின் கனெக்டருக்குள் மண் இருக்கிறதா என்று பார்க்காமல் பேச்சே வேண்டாம். மூன்றாவது வகை, மண் தரையில் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி. மழையிலிருந்து காப்பாற்றியதாக நினைப்போம். ஆனால் தரையிலிருந்து எழும் ஈரம் தார்ப்பாய்க்குள் வியர்த்து அடிப்பக்கத்திலேயே தங்கிவிடும். மானூர், கங்கைகொண்டான் பக்கத்து வறண்ட ஊரில் திறந்த சாய்ப்பில், அதாவது சரிந்த கூரைக் கொட்டகையில், நின்ற வண்டி, மூடி வைத்த வண்டியைவிடப் பல நேரம் நன்றாகவே இருக்கும்.

சோதிக்க ஒரு காந்தமும் ஒரு திருப்புளியும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரவப் பூசிய பட்டிதான் இருக்கிறது. திருப்புளியின் முனையை ரன்னிங் போர்டின் அடிப்பக்கம், தளத்தின் மூலைகள், பின் லீஃப் ஸ்பிரிங் வந்து பிடிக்கும் இடம், ஜாக்கி போடும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகிய இடங்களில் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே வெட்டி ஒட்டும் வேலை இருக்கிறது. கதவு, மட்கார்டு, பானட் ஓட்டையாக இருந்தால் கவலை குறைவு, அவை கழற்றி மாட்டுகிற சாமான். ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் இரண்டு பக்க ரன்னிங் போர்டும் ஒருசேரப் போயிருந்தால், வீட்டில் வைத்துச் செய்யலாம் என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

கூடவே பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். தாத்தா பெயரிலேயே இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கியிருக்கிறார்கள். பசுமை வரி தனி. புத்தகமே இல்லாத வண்டிக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் விசாரியுங்கள்.

சரி, தகடும் புத்தகமும் பார்த்தாயிற்று. இனி என்ன வழிகள் இருக்கின்றன?

எடைக்குப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காயலான் கடையில் தள்ளிவிட்டு வந்தால் பதிவு உங்கள் பெயரிலேயே கிடக்கும். அரசு அங்கீகரித்த வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் சலுகை உண்டு, சொந்த வாகனத்துக்கு அது 25 சதவீதம் வரை போகலாம். பத்மினியாக இருந்தால் கதவு, கண்ணாடி, கியர் பெட்டி எல்லாம் இன்னொருவரின் வண்டியை வாழவைக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சேஸிஸ் நம்பர் தகட்டை மட்டும் வெட்டி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அது குற்றம்.

அடுத்த வழி, வெறுமனே ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவது. பெயிண்ட் அப்படியே இருக்கட்டும், சீட் கிழிந்திருக்கட்டும். பாரம் தாங்கும் தகட்டைச் சரிசெய்து, பிரேக், டயர், வயரிங், பெட்ரோல் லைன், தண்ணீர் ஓட்டம் இவற்றை மட்டும் புதுப்பிப்பது. என் மனதுக்குப் பிடித்த வழி இதுதான். கையில் இருக்கும் பணம் முதலில் உயிர் காக்கும் இடங்களுக்குப் போகிறது. வண்டியைச் சில மாதம் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் அது என்ன கேட்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பளபளப்பாகப் பெயிண்ட் அடித்துவிட்டு, அப்புறம் ரன்னிங் போர்டை வெட்ட வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் அடித்த பெயிண்ட் அத்தனையும் வீண்.

மூன்றாவது, கம்பெனியிலிருந்து வந்த கோலத்துக்கே முழுக்கக் கொண்டுபோவது. இதற்கு வண்டி எது என்பது முக்கியம். பத்மினி, பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100 டி-யை ஒட்டிச் செய்யப்பட்டது. 1974 முதல் பத்மினி என்ற பெயர். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடியதால் எஞ்சின், கிளட்ச், பிரேக் சாமான்கள் இன்றும் தேடினால் கிடைக்கும். குரோம் பட்டை, லைட் வளையம், பழைய எழுத்துப் பட்டயம் இவைதான் அலையவைக்கும். பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டிவரும். அம்பாசடர் உத்தரபாராவில் 2014 வரை வந்தது, ஆகவே சாமானுக்குப் பஞ்சமில்லை. மாருதி 800-க்கு இன்னும் எளிது: 1983 முதல் 2014 வரை ஓடிய வண்டி, 796 சி.சி. எஞ்சினின் சாமான்கள் ஆம்னிக்கும் பொது. ஆனால் 800-இன் தகடு மெல்லியது. நம் ஊர்க் கடற்கரையில் நின்ற 800-ஐ முழுக்க மீட்பதைவிட நல்ல தளம் உள்ள இன்னொரு 800-ஐத் தேடி வாங்குவது மேல்.

முழு மீட்பில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய காரை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம் என்று 2021-இல் விதி வந்தது. நம்பர் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். நிபந்தனை, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. 1976-இல் பதிந்த பத்மினிக்கு 2026-இல் அந்த வயது வந்துவிடுகிறது. இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு: அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குற்றாலத்துக்குச் சாரலில் நனையப் போகிற ஆசை இருந்தால் சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், இன்றைக்கு எஞ்சினை மாற்றிவிட்டால் நாளைக்கு அந்தக் கதவு சாத்திவிடும்.

நான்காவது வழி மாற்றி அமைப்பது. இளைஞர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். என் மைத்துனன் கல்லிடைக்குறிச்சியில் நிற்கும் அவர்கள் தாத்தாவின் பத்மினியைக் காட்டி, "அத்தான், இந்த எஞ்சினைத் தூக்கிட்டு வேற நல்ல எஞ்சினாப் போட்டு, ஏசி வச்சிட்டா சென்னை வரைக்கும் போலாமே?" என்றான். பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினுக்கு ஏறத்தாழ 40 குதிரைத் திறன். அந்த வேகத்துக்குத்தான் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அந்த எடைக்குத்தான் முன்பக்கத் தகடும் ஸ்டீயரிங்கும். பலமான எஞ்சினைப் போட்டால் பிரேக்கை மாற்ற வேண்டும், அதைத் தாங்க முன்பக்கத்தை வெட்டி வலுப்படுத்த வேண்டும், கியர் பெட்டி, பின் ஆக்ஸில், ரேடியேட்டர் என்று ஒன்று இன்னொன்றை இழுக்கும். ஏற்கெனவே துரு அரித்த தகட்டில் இதைச் செய்வது ஆபத்து. நான் அவனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். இல்லாமல் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதைவிடப் பெரிய இடி, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம். மின்சாரக் காராக மாற்றுவதற்கும் அங்கீகரிக்கப்பட்ட கிட்டை அங்கீகரிக்கப்பட்டவர்தான் பொருத்த வேண்டும். வீட்டுச் சமையல் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓட்டுவது பற்றி யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தை விட்டே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா? மாற்றலாம். திரும்பக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும், அதுதான் என் அளவுகோல். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைப்பது, பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே, ரேடியேட்டருக்கு முன்னால் எலெக்ட்ரிக் ஃபேன், அதே அளவில் ரேடியல் டயர். இவை பழைய வண்டியை இன்றைய சாலைக்குத் தகுதியாக்குகின்றன. சீட் பெல்ட் இல்லாத காலத்து வண்டியில் பெல்ட் போட்டே ஆக வேண்டும்; வெறும் தகட்டில் போல்ட் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வரும், அடியில் கனமான பட்டை வைத்து, துரு இல்லாத இடமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு மாற்றம் பெட்ரோல் லைன். இன்றைக்குப் பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் ஆகியவற்றை ஊறவைத்து விரிசல் விடவைக்கும். ஈரத்தை இழுக்கும் குணமும் அதற்கு உண்டு, நிறுத்தி வைத்த வண்டியின் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள், மாதக் கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனதால், இரும்பு ஹெட் உள்ள பழைய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினுக்கு லேத் பட்டறையில் கடினமான வால்வு சீட் வைத்துக்கொள்வதும் நல்லது. பத்மினியின் ஹெட் அலுமினியம். அதற்கு ராதாபுரம் பக்கத்துச் சவர்த்தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே அரித்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் மட்டும்தான்.

இப்போது வீடா, பட்டறையா என்ற கேள்வி. முழுக்க வீட்டில் என்பவர்களும் முழுக்கப் பட்டறையில் என்பவர்களும் எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வண்டியில் செலவில் பெரும்பங்கு கூலி. அதிலும் கழற்றுவது, சுரண்டுவது, துடைப்பது, சாமான்களை வகைப்படுத்தி வைப்பது என்று பொறுமை மட்டுமே கேட்கிற வேலைகள்தான் அதிகம். அவற்றை வீட்டில் செய்யலாம். பட்டறையில் அவசர வேலை வந்தால் பழைய வண்டியை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். கழற்றிய போல்ட்டும் கிளிப்பும் எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் கழற்றும்போது ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

நின்றுபோன எஞ்சினையும் வீட்டிலேயே அசைத்துப் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியே கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரை அடித்தால் ஒட்டியிருக்கும் ரிங் உடையும்.

சின்னச் சாமான்களின் துருவுக்குச் சலவைச் சோடாத் தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். சாமானில் நெகட்டிவ், பக்கத்தில் தொங்கவிட்ட பழைய இரும்புத் துண்டில் பாசிட்டிவ். எவர்சில்வரைத் தொங்கவிடக் கூடாது, விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த இடத்தில், நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டும். பெரிய பரப்புக்கு வயர் பிரஷும் உப்புத்தாளும், அதன்பின் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியும். துரு மாற்றி மேல்துருவுக்குத்தான் மருந்து. ஓட்டை விழுந்த தகட்டுக்கு வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

வண்டியைத் தூக்கும் விஷயத்தில் மட்டும் ஒரு சமாதானமும் கூடாது. ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல், கருங்கல் அடுக்கி வைத்தும் படுக்காதீர்கள். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். நல்ல இரும்பு ஸ்டாண்ட் நான்கு வாங்குங்கள், கெட்டித் தரையில் வையுங்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தூரமாக வைத்த பிறகே வெல்டிங் பற்றிப் பேச வேண்டும். காலி டேங்க் ஆயிற்றே என்று அதன்மேல் தீ வைத்தால் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

வெல்டிங் என்பது கைப்பழக்கம் உள்ள டிங்கர், அதாவது தகட்டு வேலைக்காரர், செய்ய வேண்டியது. அவரிடம் என்ன கேட்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தளத்துக்கு 20 கேஜ், பாரம் தாங்கும் இடத்துக்கு 18 கேஜ் அளவில் பூச்சில்லாத இரும்புத் தகடு கேளுங்கள். கூரைக்குப் போடும் துத்தநாகப் பூச்சுத் தகட்டை வெல்டு அடித்தால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டைப் பொத்துவிடும். கேஸ் வெல்டிங் சூட்டில் தகட்டை நெளியவைக்கும். மிக் வெல்டிங் உள்ள பட்டறையாகப் பாருங்கள். பழைய துருவின் மேலேயே ஒட்டுத் தகடு வைக்க விடாதீர்கள், பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ரன்னிங் போர்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வெட்ட வேண்டும், கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி கொடுத்துவிட்டு. அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டு முடிந்ததும் உட்குழிக்குள் மெழுகு அல்லது துரு தடுக்கும் எண்ணெய் அடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் செய்த வேலை சில மழைக்காலத்துக்குத்தான்.

பெயிண்டையும் பட்டறைக்கே விடுங்கள். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் இப்போதைய டூ-பேக் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், துணி முகமூடி அதற்குப் போதாது. ஆனால் அடியில் என்ன போகிறது என்பதைக் கூட நின்று பாருங்கள். வெறும் இரும்பில் எப்பாக்சி பிரைமர் முதலில், அதன்மேல்தான் பட்டி. ரெட் ஆக்ஸைடும் பட்டியும் தனியாக ஈரத்தைத் தடுக்காது.

மைத்துனனின் பத்மினிக்கு நாங்கள் முடிவு செய்திருப்பது இதுதான். ஸ்பிரிங் பிடிக்கும் இடங்கள் கெட்டியாக இருக்கின்றன, ஒரு பக்க ரன்னிங் போர்டும் ஓட்டுநர் காலடித் தகடும்தான் போயிருக்கின்றன. அதே எஞ்சின், அதே ஸ்டீயரிங் கியர். ஆல்டர்னேட்டர், பெல்ட், ஹோஸ், டயர் மட்டும் புதிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ப்புக்குள் கழற்றும் வேலை. அந்த ஈரத்தில் சுரண்டிய இரும்பு அன்றைக்கே மஞ்சளாகிவிடும் என்பதால் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் சுரண்டுவது. மழை விட்ட பிறகு, தையில் வெல்டிங். மாசியில் பெயிண்ட், ஆனி, ஆடிக் காற்று வந்துவிட்டால் புழுதி ஒட்டும். பங்குனியில் பெயர் மாற்றத்துக்கும் பதிவுப் புதுப்பிப்புக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோவது.